மூன்று டிகிரி

அடிமாடி கெடிலத்தைப் பார்க்க வேண்டும்,
முப்பது மாடி ஏறி, உச்சி கடலை.
நடுவில் ஒவ்வொரு தளமும்
கீழே இருப்பதைவிட மூன்று டிகிரி
திரும்பிக்கொள்ள வேண்டும்.
வரைபடத்தில் இது அழகு.
தேவனாம்பட்டினம் சாலையில், அக்னி நட்சத்திரத்தில்,
கம்பி கட்டும் கலியபெருமாளிடம் சொல்வது வேறு.

"நேரா நிக்கிறதே பெரும்பாடு,
இதுல திருகல் வேறயா" என்றார்.
பிறகு தலையில் கட்டியிருந்த ஈரத் துண்டை அவிழ்த்து
முறுக்கினார்.
தண்ணீர் முதலில் சொட்டிய மடிப்பைக் காட்டி
"கம்பி இங்கதான் அழும்" என்றார்.
கணினியும் அங்கேதான் சிவப்பாகக் காட்டியிருந்தது.

என் வேலை எதையும் தூக்குவதல்ல.
மணல் லாரி ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் நின்றால்
ஆல்பேட்டைக்குப் போன் போடுவது.
தொண்ணூறு நிமிஷம் தாண்டிய கான்கிரீட்டை
கேட்டோடு திருப்பியனுப்பி
டிரைவரின் வாயில் என் பரம்பரையே விழக் கேட்பது.
இருபத்தெட்டு நாள் தண்ணீரில் ஊறிய கட்டியை
இயந்திரத்தில் வைத்து உடைப்பது,
உடையும்போது வரும் எண்ணுக்காக
மூச்சை அடக்கி நிற்பது.
துபாயிலிருந்து கவுஸ் மரைக்காயர்
தினமும் கேட்பது ஒன்றுதான்:
"எத்தனாவது மாடி?"

பதினொன்றாவதில் நாலு டிகிரி திரும்பிவிட்டோம்.

அளவுக்கல்லை ஏதோ ஒரு லாரி இடித்து நகர்த்தியிருந்தது.
சர்வே எட்வின் கல்லை நம்பினான்.
நான் எட்வினை நம்பினேன்.
கையெழுத்து என்னுடையது.
இடித்துக் கட்டப் பதினெட்டு நாள்.
இடிக்காமல், மறு கணக்குப் போட்டு,
பன்னிரண்டாவதுக்கு இரண்டே டிகிரி கொடுத்தோம்.
வல்லுநர்கள் சரி என்றார்கள்.
சாலையில் போகிறவர் யாருக்கும் தெரியாது.
எட்வின் இரண்டு நாள் சாப்பிடவில்லை.
நான் சாப்பிட்டேன்;
ஆனால் பஸ்ஸில் அந்தப் பக்கம் போனால்
பதினொன்று வரைதான் எண்ணுவேன்.

நவம்பரில் துறைமுகத்தில் கூண்டு ஏற்றினார்கள்.
மூன்றாம் எண். விடிந்தால் எட்டாம் எண்.
நூற்று நாற்பது பேரை
மஞ்சக்குப்பத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினோம்.
கடைசியாக இறங்கியவர் சுதாம் நாயக்,
எண்பது மீட்டர் ஏணி முழுக்க மழையில்.
புயலில் கிரேனைப் பூட்டக் கூடாது.
காற்று போகிற பக்கம் அதன் கை போக வேண்டும்,
பிடித்து நிறுத்தினால் முறியும்.
எனக்கு இது பாடம்.
மற்றவர்களுக்கு நானே வகுப்பெடுத்திருக்கிறேன்.
ஆனாலும் இரண்டு தடவை கேட்டேன்:
"பிரேக்கை விட்டாச்சா?"
"விட்டாச்சு மேடம்,
இனி அது நம்ம கையில இல்ல" என்றார்,
இங்கே கற்ற தமிழில்.

பள்ளிக்கூட ஜன்னலில், மழைக்குள்,
கிரேன் கையின் நுனிச் சிவப்பு விளக்கு
வலப்பக்கம் தெரிந்தது, துறைமுகத்தின் மேலே.
வடக்கே மரக்காணத்தில் கரையேறுகிறது என்றது ரேடியோ.
விளக்கு நகர்ந்தது.
நின்றது, நடுங்கியது, மறுபடி நகர்ந்தது.
இரண்டரை மணிக்குக் காணோம்.
முறிந்து விழுந்ததா,
கட்டடத்துக்கு அந்தப் பக்கம் கடலை நோக்கித் திரும்பியதா?
இரண்டுக்கும் இங்கிருந்து ஒரே இருட்டு.
என் பின்னால் யாரோ ஒடியாவில் முனகித் தூங்கினார்கள்.
கலியபெருமாள் தூங்கவில்லை.
பேசவும் இல்லை.

விடிந்து, இடுப்பளவுத் தண்ணீரில் போய்ப் பார்த்தோம்.
நின்றது.
கெடிலத்தின் பக்கமிருந்து கடல் பக்கம்,
ஒரு வருஷமாக நாங்கள் மூன்று மூன்றாகக் கூட்டி
இன்னும் முடிக்காத தொண்ணூறை
ஓர் இரவில் திரும்பி நின்றது.

அறிக்கையில் எழுதினேன்:
ஆட்கள் நூற்று நாற்பது, அனைவரும் நலம்.
தகரம் இருபத்து மூன்று, காணவில்லை.
வேலை நடைபெறவில்லை.

போன் அடித்தது.
"எத்தனாவது மாடி?"
"பத்தொன்பது."
"நேத்தும் பத்தொன்பதுதானே சொன்னே?"
"ஆமாங்க" என்றேன்,
"இன்னைக்கும் பத்தொன்பது இருக்கு."

வேலியோரம் எட்வின்
தண்ணீருக்குள் குனிந்து, தோள்வரை கையை விட்டு,
அளவுக்கல்லைத் துழாவிக்கொண்டிருந்தான்.